சுக்கான்: ஒரு சொல்லும் அதைக் கொடுத்தவனும்

1

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு என்னென்ன கட்டினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். லெப்பைக்குடிக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்ணில் படும் மூன்று மாடி வீடு நான் கட்டியது. அதே இடத்தில் முன்பு எங்கள் கீற்றுக்கொட்டகை இருந்தது. மழை வந்தால் எந்தப் பாத்திரத்தை எங்கே வைப்பது என்பதுதான் அன்றைக்குக் குடும்ப ஆலோசனை. பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் நீங்கள் கைகால் கழுவி ஒளூச் செய்கிற ஹவுஸ், அந்தத் தண்ணீர்த் தொட்டி, நான் கட்டிக்கொடுத்தது. மீன்சுருட்டிப் பக்கம் நான் முந்திரி வைத்தபோது, "அங்க கத்தாழைதான் பாய் மொளைக்கும்" என்றவர்கள் இப்போது கன்று கேட்டு வருகிறார்கள். ஷார்ஜாவில் என் தண்ணீர் லாரிகள் எட்டு ஓடுகின்றன. முதல் லாரியை நானே ஓட்டினேன், நானே கழுவினேன், நானே அடியில் படுத்து ரிப்பேர் பார்த்தேன். நான்கு தங்கைகளுக்கு நிக்காஹ் செய்து வைத்தேன். மூன்று பெண்களையும் பட்டம் வாங்க வைத்தேன்.

இவ்வளவுக்கும் கல்வெட்டு இருக்கிறது, பத்திரம் இருக்கிறது, கண்ணால் பார்த்த சாட்சி இருக்கிறது. எதுவுமே இல்லாத ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் நம் ஊர் மலருக்கு இதை எழுதுகிறேன். நான் ஷார்ஜாவுக்கு வந்து இந்த மாதத்தோடு நாற்பத்தோரு வருடம். மலரை நடத்துகிறவர்கள் "அனுபவம் எழுதுங்க" என்றார்கள். இதுதான் என் அனுபவம்.

கவிஞர் வெள்ளாற்றனின் புத்தகத்தில் நான் கொடுத்த சொற்கள் இருக்கின்றன. என் பேர் இல்லை.

2

வெள்ளாற்றன் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பெரிய பேர். எனக்கு அவன் ஜமால். ஜவுளிக்கடை வீட்டுப் பிள்ளை. நானும் அவனும் ஒரே மதரஸாவில் ஓதினோம், ஒரே ஆற்றில் குளித்தோம். பிறகு அவன் திருச்சிக்குக் காலேஜ் போனான், நான் அரியலூருக்குக் கல் உடைக்கப் போனேன். அவன் பெரம்பலூரில் தமிழ் வாத்தியார் ஆகி, கவிதை எழுதி, இப்போது ரிடையர் ஆகிவிட்டான்.

போன மாதம் ஊரிலிருந்து வந்த என் மச்சான், சின்ன வெங்காயத்தோடும் இட்லிப் பொடியோடும் அவன் புத்தகத்தின் புதுப் பதிப்பைக் கொண்டுவந்தார். பழைய பதிப்பு என்னிடம் உண்டு. புதியதில் பின்னால் ஒரு பகுதி சேர்த்திருக்கிறார்கள். கவிதைகளில் வரும் வட்டாரச் சொற்கள், அவற்றின் பொருள், எந்த மொழியிலிருந்து வந்தன என்ற விவரம். தொகுத்தவர் ஒரு பேராசிரியர். அவர் பேரை இங்கே எழுதப் போவதில்லை. எனக்கு அவர்மேல் கோபம் கொஞ்சம்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து வரிவரியாகப் படித்தேன். எனக்குத் தமிழ் அப்படித்தான் ஓடும். முதலில் நன்றிப் பக்கம். அட்டைப்படம் வரைந்தவர், அச்சுக்கோத்த பெண், பிழை திருத்தியவர், தங்க இடம் கொடுத்தவர், எல்லாருக்கும் நன்றி. இரண்டு தடவை தேடினேன், நான் இல்லை. சரி, மறந்திருப்பான், வயசாச்சு என்று பின்பக்கம் போனேன். அங்கே இப்படி இருந்தது:

சுக்கான்: சுண்ணாம்புப் பாறை. அரியலூர் வட்டார வழக்கு. கவிஞர் இளமையில் தம் தாயோடு நடந்த பாதைகளில் அறிந்த சொல். 'சுக்கான் பிடித்தவன்' என்ற புகழ்பெற்ற கவிதை, பிறந்த மண்ணைப் பற்றிக்கொண்டு எங்கும் போகாத மனிதனைப் பாடுகிறது.

புத்தகத்தை மூடி வைத்தேன்.

3

சுக்கான் என்றால் கல் என்பது பொய்யில்லை. அரியலூர்ப் பக்கம் கடப்பாரை பிடித்தவன் எவனைக் கேட்டாலும் சொல்வான். கறுத்த மண்ணை ஒரு முழம் தோண்டினால் வெள்ளையும் பழுப்புமாக வந்து, கடப்பாரையைத் திருப்பி அனுப்பும். கிணறு வெட்டுகிறவன் மேலே எட்டிப் பார்த்து "சுக்கான் தட்டிருச்சுங்க" என்றால் நிலத்துக்காரர் முகம் செத்துப்போகும். பதினேழு வயதில் அந்தச் சுக்கானைத்தான் நான் கல் குழியில் உடைத்தேன். என் இடது கட்டைவிரல் நகம் இன்றும் கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம். ஜமால் சுக்கானைத் தொட்டதில்லை. நான் ஊருக்கு வரும்போது வேட்டி மடிப்பில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளைப் பார்த்து, "என்னடா இது, பவுடரா?" என்று கேட்டவன் அவன். அந்தச் சொல்லை முதல்முதலாக அவனிடம் அன்றைக்குச் சொன்னேன். ஆகவே கல் என்ற அர்த்தமும் என் வழியாகப் போனதுதான்.

ஆனால் கவிதை அந்தக் கல்லைப் பற்றியது இல்லை.

ஷார்ஜாவுக்கு வந்து மூன்றாம் மாதம், என் அர்பாப், அதாவது எனக்கு விசா கொடுத்த அரபி முதலாளி, வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஊருக்கு வெளியே மணல்வெளி. பக்கத்தில் அவர், ஓட்டும் இடத்தில் நான். வண்டி நகர்ந்ததும் அவர் "இம்ஸிக் ஸுக்கான், இம்ஸிக் ஸுக்கான்" என்று கத்தினார். எனக்கு அரபி ஓதத் தெரியும், பேசத் தெரியாது. சுக்கான் என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. அட, இங்கேயும் நம்ம சுக்கான் கிடக்கிறதா, சக்கரத்தில் தட்டப்போகிறதா என்று இரண்டு கையையும் விட்டுவிட்டுக் கதவுக்கு வெளியே தலையை நீட்டித் தரையைப் பார்த்தேன். வண்டி நேராகப் போய் ஒட்டகங்களின் தண்ணீர்த் தொட்டியில் முட்டியது. அர்பாப் அடிக்கவில்லை. என் இரண்டு கையையும் எடுத்து ஸ்டீயரிங்கின் மேல் வைத்து அழுத்தி, "ஹாதா ஸுக்கான்" என்றார். இதுதான் சுக்கான், இதைப் பிடி என்றுதான் கத்தியிருக்கிறார்.

அவர்கள் பேச்சில் ஸ்டீயரிங்குக்கு அதுதான் பேர். கப்பலைத் திருப்புகிற கட்டைக்கும் அதே பேர். நம் கடற்கரைக்காரர்கள் கப்பல் சுக்கான் என்று சொல்வது இங்கிருந்து போனதுதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். வெள்ளாற்றங்கரையில் நமக்குக் கப்பல் ஏது.

அப்போது எனக்கும் ஜமாலுக்கும் கேசட்தான் கடுதாசி. ஒரே கேசட் போகும், வரும். ஒரு பக்கம் நான் பேசி, ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்தனுப்புவேன். மறுபக்கம் அவன் பேசி அனுப்புவான். இந்தச் சங்கதியைச் சொன்னேன். திரும்பி வந்த கேசட்டில் முதலில் அவன் சிரிப்புத்தான். பிறகு, "தாவூது, அந்தச் சொல்ல இன்னொரு வாட்டி சொல்லுடா. அரபி எப்படிச் சொன்னாரு, நம்ம குழியில எப்படிச் சொல்லுவாங்க, ரெண்டையும் நிறுத்திச் சொல்லு" என்றான். ரூமில் மற்றவர்கள் வெளியே போகும்வரை காத்திருந்து, விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்கச் சொல்லி அனுப்பினேன். அந்தக் கேசட்டை மட்டும் அவன் திருப்பி அனுப்பவில்லை, தன்னிடமே வைத்துக்கொண்டான்.

அதுதான் 'சுக்கான் பிடித்தவன்'. ஊரில் சுக்கானை உடைத்த கை, மணலில் சுக்கானைப் பிடிக்கிறது. இரண்டும் ஒரே சொல். ஒன்று அவனைப் போகவிடாமல் தடுத்தது, மற்றது அவனைத் திருப்பிக்கொண்டே இருக்கிறது. இதுதான் கவிதை. போனவனைப் பற்றி எழுதிய கவிதையைப் போகாதவனைப் பற்றியது என்று இப்போது அச்சடித்துவிட்டார்கள்.

4

ஒரு சொல்லோடு போயிருந்தால் விட்டிருப்பேன். புரட்டினால் இன்னும் இருக்கிறது.

'கவலை ஓட்டி' என்று ஒரு கவிதை வரி. அதற்குப் பேராசிரியர் கொடுத்த பொருள்: துன்பத்தை விரட்டி. படித்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கவலை என்றால் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கமலை. இரண்டு மாடு சரிவில் இறங்கினால் வடம் இழுபட்டுச் சால் மேலே வரும், தண்ணீர் கொட்டும். மாடு பின்பக்கமாகவே ஏறி வரும், சால் கிணற்றுக்குள் போகும். கல் குழிக்குப் போகும் முன்னால் ஒரு மிராசு தோட்டத்தில் இரண்டு வருடம் நான் கவலை ஓட்டினேன். நான் விரட்டியது துன்பத்தை இல்லை, இரண்டு செவலை மாட்டை.

அடுத்தது ஆணம். நம் வீடுகளில் குழம்பை ஆணம் என்போம் இல்லையா, அதற்கு 'அரபு மூலம்' என்று போட்டிருக்கிறார். நாற்பத்தோரு வருடமாக அரபிகளோடு ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுகிறேன். ஒருத்தர் வாயிலும் ஆணம் வந்ததில்லை. அவர்கள் மரக் என்பார்கள். ஆணம் அசல் தமிழ், முஸ்லிம் வீட்டு அடுப்படியில் பத்திரமாக இருந்த தமிழ். சுக்கானில் அரபி இருக்கிறது, அதைத் தமிழ் மட்டும் என்கிறார். ஆணத்தில் தமிழ் இருக்கிறது, அதை அரபி என்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இரண்டும் நேராகியிருக்கும்.

5

மூத்த மகள் ரஹ்மத்திடம் காட்டினேன். இங்கேயே பிறந்து படித்து, ஒரு ஆபீஸில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. நான் படித்துக் காட்டினேன்.

"அத்தா, கவலைன்னா வொர்ரிதானே?" என்றாள்.

"இப்ப அதுதாம்மா."

"அப்ப அவர் எழுதினது சரிதானே?"

மாடு, வடம், சால் எல்லாம் விளக்கினேன். போனில் படம் தேடிப் பார்த்தாள். "இதையா செஞ்சீங்க, நீங்களா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். லாரி வாங்கிய கதையை நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அதற்கெல்லாம் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

அவளே பதிப்பகத்துக்கு இங்கிலீஷில் மெயில் எழுதினாள். மரியாதையாகவே பதில் வந்தது. தங்கள் தந்தையாரின் ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது, ஒலிநாடா போன்ற ஆதாரம் இருந்தால் அனுப்பவும், இல்லையேல் கவிஞரே உறுதிப்படுத்தினால் அடுத்த பதிப்பில் பரிசீலிக்கிறோம் என்று. நான் ஆர்வப்பட்டவனாம்.

"விடுங்கத்தா," என்றாள் ரஹ்மத். "பேரு போட்டாலும் யாரு படிக்கப் போறாங்க? என் பிள்ளைங்களுக்கு அந்த எழுத்தே தெரியாதே."

இது எனக்கு உறைத்தது. நான் சொன்னேன்: "உன் பிள்ளைங்களுக்குப் படிக்கத் தெரியாதும்மா, அது என் குத்தம். அச்சில இல்லாமப் போனா அது இன்னொருத்தன் குத்தம். ரெண்டயும் என் தலையில வைக்காத."

6

ஆதாரமும் ஜமாலிடம், உறுதியும் ஜமாலிடம். காலை பத்து மணிக்கு போன் போட்டேன். சலாம் சொல்லி முடித்ததும் நேராக வந்தேன்.

"ஜமாலு, பொஸ்தகம் வந்துச்சு."

"மாஷா அல்லாஹ். அட்டை நல்லாருக்காடா?"

"அட்டை நல்லாருக்கு. பின்னாடிதான் நல்லால்ல. சுக்கானுக்கு என்னடா அர்த்தம்?"

"அதான் போட்டுருக்காரே."

"அவரு போட்டது கெடக்கட்டும், நீ சொல்லு."

தொண்டையைச் செருமினான், வகுப்பில் செருமுகிற மாதிரி. "கவிதைன்னா ஒரே அர்த்தமாடா? வாசகன் எப்படி எடுத்துக்கறானோ..."

"வாசகன வுடு. நீ எங்கேருந்து எடுத்த?"

பின்னால் அவன் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது.

"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி உன்கிட்ட காட்டுனாங்களா?"

"காட்டுனாங்க."

"படிச்சியா?"

"படிச்சேன்."

"தமிழ் வாத்தியாரு. கவலைய துன்பம்னு போட்டா உனக்குத் தெரியலியா?"

"தெரிஞ்சுச்சுடா. பெரிய மனுசன், நமக்காவ ஒத்துக்கிட்டு செஞ்சு குடுக்குறாரு. மூஞ்சில அடிச்ச மாதிரி எப்படிச் சொல்றது?"

"என் மூஞ்சில அடிக்கலாம்."

"நீ எதுக்கு இதுல வர்ற?"

"உங்கம்மாகூட நடந்து போயி கத்துக்கிட்டேன்னு சொல்லியிருக்கியே, எப்படா போனீங்க? அம்மா வெள்ளாத்துப் பாலத்தத் தாண்டுனா கூட ஜட்கா வண்டிலதான தாண்டுவாங்க."

அந்த அம்மா எனக்குச் சோறு போட்டவர்கள். அவர்களைப் பற்றி மேலே நான் பேசவில்லை.

"ஒரு பேட்டில வாய் தவறி வந்துருச்சு," என்றான். "அவரு அதப் புடிச்சுக்கிட்டாரு. மண்ணு, வேரு, அப்படியெல்லாம் எழுதுனாரு. காலேஜ் பாடத்துல வச்சுட்டாங்க. இப்பப் போயி அது மண்ணு இல்ல, காரோட ஸ்டேரிங்குன்னு சொல்லச் சொல்றியா?"

"ஆமா. அதான உண்மை."

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். போதாதா?"

"போதாது. கேசட்டு இருக்கா?"

"இருக்கு."

"பத்திரமா எடுத்து வை. மச்சான் ஊருக்கு வந்ததும் அனுப்பறேன்."

"கேசட்டு இருக்குடா. உள்ள நீ இல்ல." பிறகு சொன்னான்: "எனக்கு முதல் பாராட்டு விழா நடந்துச்சுல்ல, அன்னிக்கிப் புதுக் கேசட்டு கெடைக்கல. உன்னோடதுலதான் பதிஞ்சேன்."

விசிறியை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்கப் பேசியதன்மேல் கைதட்டல் பதிந்திருக்கிறது. ஜமால் மேலே பேசினான், இந்தத் தடவை வாத்தியார் குரலில் இல்லை.

"தாவூது, நீ லாரி வச்சிருக்க. மூணு மாடி வூடு வச்சிருக்க. ஊருல எந்தச் செவத்தப் பாத்தாலும் உன் பேரு இருக்கு. எனக்கு இருக்கறது இந்த ஒரு பொஸ்தகம்டா. அதுலயும் பங்கு கேக்குறியே."

போனை வைத்துவிட்டேன். அவன் சொன்னதில் ஒரு பக்கம் உண்மை இருக்கிறது என்பதுதான் என்னை அதிகமாகச் சுட்டது. மூன்று நாள் அதையே யோசித்தேன். இப்போது பதில் இருக்கிறது. ஜமால், உன் கவிதையில் நான் பங்கு கேட்கவில்லை. அதை எழுத எனக்கு ஏழு ஜென்மம் வேண்டும். ஆனால் அதில் வருகிறவனை நீ வெளியே தள்ளிவிட்டு, எங்கும் போகாத ஒருத்தனை உள்ளே உட்கார வைத்துவிட்டாய். பேரை மறந்திருந்தால் பொறுத்திருப்பேன். என்னை ஊரைவிட்டே போகாதவனாக்கிவிட்டாய். அப்படியானால் நான் இங்கே கிடந்த நாற்பத்தோரு வருடம் யாருடையது?

7

அந்த வாரத்திலேயே என் ரெசிடென்ஸ் கார்டைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. நாற்பத்தோரு வருடம் ஆனாலும் இன்னும் தவணை முறையில்தான் இங்கே இருக்கிறேன். டைப்பிங் சென்டரில் உட்கார்ந்திருந்த மலையாளிப் பையன், "தொழில் என்ன போடணும் இக்கா?" என்றான். லாரி முதலாளி என்றேன். கம்ப்யூட்டரில் தேடி, "பழைய கார்டிலே ஸாயிக்னு இருக்கே" என்றான். ஸாயிக் என்றால் டிரைவர். மாற்ற வேண்டுமென்றால் படிப்புச் சான்றிதழ் கேட்பார்களாம். ஐந்தாம் வகுப்புக்கு யார் சான்றிதழ் வைத்திருக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும் என்றேன்.

அப்போது அந்த பாரத்தின் மேல் வரியைப் பார்த்தேன். மதரஸாவில் கற்ற எழுத்து, கண் தானாக ஓதியது. ஸீன், காஃப், அலிஃப், நூன். ஸுக்கான்.

"ஸ்டீயரிங் எதுக்கு இங்க?" என்று கேட்டேன்.

பையன் சிரித்தான். "அது அதல்ல இக்கா. ஸுக்கான்னா குடியிருக்கிறவங்க. இங்கே தாமசிக்கிற ஆளுகள்."

அரபியில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே சத்தம். இவ்வளவு வருடமாக அந்தச் சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன், அந்தச் சொல்லே நான் என்று தெரியவில்லை. உடனே ஜமாலுக்குச் சொல்ல வேண்டும் என்று கை போனுக்குப் போனது. இப்படி ஒன்று கிடைத்தால் அவன் எப்படிச் சிரிப்பான் என்று எனக்குத் தெரியும். எடுத்த போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இந்தச் சொல் அவனுக்குக் கிடையாது. இதை முதலில் அச்சில் பார்ப்பவர்கள் நீங்கள்தான்.

8

என்னிடம் கேசட் இல்லை. பதிப்பகத்தார் கேட்ட ஆதாரம் இல்லை. என் கோணல் நகத்தை ஆதாரமாக அனுப்ப முடியாது. ஆகவே ஊராரிடம் கேட்கிறேன். இந்த மலர் ஜமால் வீட்டுக்கும் போகும். பள்ளிவாசலில் அவனைப் பார்க்கிறவர்கள், "தாவூது எழுதினது பொய்யா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள், போதும். அவன் பேட்டியில் வாய் தவறுவான். அல்லாஹ்வின் பள்ளியில் தவற மாட்டான்.

பதிப்பகத்தாருக்கும் பேராசிரியருக்கும் சொல்கிறேன். கவலையைத் திருத்துங்கள், ஆணத்தைத் திருத்துங்கள், அவற்றுக்கு என் பேர் வேண்டாம். அவை நம் ஊர்ச் சொற்கள், யார் வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம். அடுத்த பதிப்பில் சுக்கானுக்கு மட்டும் கீழே இருப்பதை ஓர் எழுத்துக் குறையாமல் போட வேண்டும். தொழிலதிபர் என்றோ ஹாஜி என்றோ புரவலர் என்றோ எதையும் முன்னால் சேர்க்கக் கூடாது. சொல்லைக் கொடுத்த அன்றைக்கு நான் அது எதுவும் இல்லை.

சுக்கான்: அரியலூர்ப் பக்கம் மண்ணுக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்புக் கல். அரபியில் வண்டியின் ஸ்டீயரிங். கவிதையில் இரண்டும். இரண்டையும் கவிஞருக்குச் சொன்னவர் லெப்பைக்குடிக்காடு தாவூது, டிரைவர்.